வீட்டில் கட்டிய கிட் காரை ஐ.வி.ஏ. சோதனைக்கும் பதிவுக்கும் கொண்டு செல்வது எப்படி?

கேள்வி — எழுதியவர்: மாலைநேரக் கொட்டகை

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனில் கிட் கார், அதாவது பாகங்களின் தொகுப்பை வாங்கி நாமே பொருத்தும் கார், கட்டி முறைப்படி பதிவு செய்த அனுபவம் உள்ளவர்களிடம் சில விளக்கங்களைக் கேட்க விரும்புகிறேன்.

கடந்த பதினெட்டு மாதங்களாக, வேலை முடிந்து வீடு திரும்பிய பின் கிடைக்கும் நேரத்தில், இருவர் அமரக்கூடிய திறந்த கார் ஒன்றைக் கட்டி வருகிறேன். லோட்டஸ் செவன் பாணியிலான குழாய்ச் சட்டகத்தையும் உடற்பகுதித் தகடுகளையும் ஒரு கிட் தயாரிப்பாளரிடம் புதிதாக வாங்கினேன். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்டீயரிங் ரேக் (திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டம்), பிரேக் காலிப்பர்கள் ஆகியவை 1999 ஜூன் மாதத்தில் பதிவான மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றிலிருந்து வந்தவை. அந்தக் காரின் அடித்தட்டு முழுவதும் துருவேறி ஓட்ட முடியாத நிலையில் இருந்தது. எஞ்சினோ நல்ல நிலையில் இருந்தது. சென்ற மாதம் புதிய சட்டகத்தில் வைத்து முதன்முதலாகச் சாவியைத் திருப்பியபோது அது உடனே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் இது ஒரு நாள் சாலையில் ஓடும் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

இப்போது எனக்குள்ள ஐயங்கள் இவை. முதலில் ஐ.வி.ஏ. எனும் ஒப்புதல் சோதனையா, முதலில் பதிவா? எனக்கு எந்த வகைப் பதிவு எண் கிடைக்கும்? நட்டு, போல்ட்டு, மின்கம்பி போன்ற சிறு பொருள்கள் பலவற்றுக்கு என்னிடம் ரசீது இல்லை, அது தடையாகுமா? கடைசியாக, என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ஸ்டீயரிங். வீட்டு முற்றத்தில் மெதுவாக வட்டமடித்துவிட்டுக் கையை எடுத்தால், சக்கரம் திரும்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது, நேராக வருவதில்லை. சோதனையில் இதற்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

மறுமொழி — எழுதியவர்: பழைய குறடு

வணக்கம் நண்பரே. எஞ்சின் உயிர் பெற்றதற்கு முதலில் என் வாழ்த்துகள். தாள் வேலை குறித்த உங்கள் கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன். ஸ்டீயரிங் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சோதனைதான் முதலில். வாகனத் தர முகமையான டி.வி.எஸ்.ஏ. நடத்தும் தனிவாகன ஒப்புதல் சோதனையில், அதாவது நாம் ஐ.வி.ஏ. என்று அழைப்பதில், உங்கள் கார் தேறினால் அவர்கள் ஒப்புதல் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ. உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். ஒரு சிறு எச்சரிக்கை: இணையத்தில் காணும் பழைய கட்டுரைகள் பலவும் 1998-இல் தொடங்கிய எஸ்.வி.ஏ. சோதனையைப் பற்றியவை. 2009-இல் ஐ.வி.ஏ. அதன் இடத்துக்கு வந்தது. விதிகள் பல இடங்களில் மாறிவிட்டன, ஆகவே டி.வி.எஸ்.ஏ. வெளியிட்டுள்ள இன்றைய கையேட்டை மட்டுமே நம்புங்கள். அதை அச்சிட்டு, கட்டும் இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு எண் நீங்கள் பயன்படுத்திய பாகங்களைப் பொறுத்தது. எல்லாப் பாகங்களும் புதியவையாக இருந்தாலோ, புதியதற்கு நிகராகச் செப்பனிட்ட ஒரே ஒரு பாகம் மட்டும் இருந்தாலோ, நடப்பு ஆண்டின் எண் கிடைக்கும். உங்களுடையது அந்த வகை அன்று. கிட் தயாரிப்பாளரின் புதிய சட்டகத்தில், ஒரே பழைய காரிலிருந்து எடுத்த முக்கிய பாகங்கள் குறைந்தது இரண்டாவது இருந்தால், அந்தப் பழைய காரின் வயதுக்கு ஏற்ற எண்ணைத் தருவார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் என்று உங்களிடம் தேவைக்கு மேலேயே இருப்பதால், 1999 ஜூனுக்குரிய ‘டி’ (T) எழுத்தில் தொடங்கும் எண்ணை நீங்கள் எதிர்பார்க்கலாம். ஆனால் அந்தப் பாகங்கள் அதே காரிலிருந்து வந்தவை என்பதை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க முடியாவிட்டால் ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் எண்தான் கிடைக்கும். அது குற்றமில்லை, காரும் தாராளமாக ஓடும். ஆனால் காரின் வயது உறுதியாகத் தெரியாது என்று அந்த எழுத்து எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கும். பின்னாளில் விற்க நினைக்கும்போது அது உறுத்தும். விரும்பிய தனிப்பட்ட எண்ணையும் அந்தக் காருக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

ஆகவே பழைய எம்.எக்ஸ்-5-இன் வி5சி பதிவுப் புத்தகத்தைக் கண்போல் காத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள துருப்பிடித்த உடற்பகுதியை வாகன உடைப்பு நிலையத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் சற்றுப் பொறுங்கள். அழிப்புச் சான்றிதழ் ஒரு முறை வெளியாகிவிட்டால் அந்தக் காரின் அடையாளம் அதோடு முடிந்துவிடும். டி.வி.எல்.ஏ.வுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, பதிலைப் பெற்ற பிறகே அனுப்புங்கள்.

ரசீது பற்றிய கவலை பெரிதாக வேண்டியதில்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கிட் தயாரிப்பாளரின் விலைப்பட்டியல், பழைய காரை வாங்கியதற்கான சான்று, டயர், பிரேக் குழாய், விளக்குகள் போன்றவற்றின் ரசீதுகள் இருந்தால் போதுமான அளவு கதை புரியும். ரசீதைவிட வலிமையானவை நிழற்படங்கள். இந்தச் சோதனையில் உங்கள் கார் தொழில்முறையல்லாத ஆர்வலர் கட்டிய வாகனம் என்ற பிரிவில் வருகிறது; நீங்களே உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குக் கட்டினீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். வெறும் சட்டகம் கொட்டகைக்குள் வந்த நாள், பழைய காரில் எஞ்சின் இருந்த நிலை, அது வெளியே தூக்கப்பட்டபோது, புதிய சட்டகத்தில் இறங்கியபோது என்று வரிசையாகப் படம் இருந்தால், பார்க்கும் அதிகாரிக்கு எந்த ஐயமும் எழாது. எஞ்சின் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் கட்டாயம் வேண்டும். அந்த எண் பழைய பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போனால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மறுமொழி — எழுதியவர்: நான்காவது கியர்

ஐயா, வணக்கம். ஸ்டீயரிங் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டவள் நான். ஆகவே உங்களிடம் சொன்னவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மெதுவாக வட்டமடித்துக் கையைத் தளர்த்தும்போது, சக்கரங்கள் முழுவதும் நேராக வராவிட்டாலும் நேர்நிலையை நோக்கித் தாமாக நகர வேண்டும். எடை குறைந்த கார்களில் இது எளிதில் நடப்பதில்லை. டன் எடையுள்ள காருக்காக வடிவமைத்த ரேக்கை அதில் பாதி எடையுள்ள ஒன்றில் பொருத்துகிறோம். சக்கரத்தை நேர்ப்படுத்தும் விசை குறைந்துவிடுகிறது, உராய்வு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

தோல்வியடைந்து வீடு திரும்பிய அன்று, எல்லோரும் சொன்னபடி காஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை, மாற்றத் தொடங்கினேன். அது என் தவறு. முதலில் உராய்வு எங்கே இருக்கிறது என்று தேடியிருக்க வேண்டும். அதற்கான வழி மிக எளியது. காரின் முன்பகுதியைத் தாங்கிகளில் ஏற்றிச் சக்கரங்களை அந்தரத்தில் விடுங்கள். ஸ்டீயரிங் தண்டை ரேக்கோடு இணைக்கும் கீழ் மூட்டின் போல்ட்டைக் கழற்றி, இரண்டையும் பிரித்துவிடுங்கள். இப்போது ஸ்டீயரிங் சக்கரத்தை மட்டும் ஒரு விரலால் சுழற்றிப் பாருங்கள். என்னுடையதில் பாதிச் சுற்று இலகுவாக வந்தது. பிறகு ஓரிடத்தில் இறுகியது. பின் மீண்டும் இலகுவானது. எஞ்சின் அறைத் தடுப்புத் தகட்டில் தண்டு நுழையும் இடத்திலுள்ள தாங்கி, கோட்டை விட்டு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தது. தாங்கியின் துளைகளை அரத்தால் சிறிது நீளமாக்கி, அதைத் தளர்வாக வைத்து, தண்டு தானே தன் இடத்தைக் கண்டுகொள்ளும்வரை திருப்பி, பிறகு இறுக்கினேன். கையில் அந்த இறுக்கம் காணாமல் போனதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்து ரேக். எம்.எக்ஸ்-5-இல் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தால் உதவி பெறும் ரேக் இருக்கும். பம்பைக் கழற்றிவிட்டு இரண்டு குழாய் முனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுவது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால், ரேக்கின் உள்ளே இருக்கும் பிஸ்டன் வளையம் ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டே இருக்கும். ரேக்கைப் பிரித்து அந்த வளையத்தை எடுத்து, புதிய கிரீஸ் இட்டு மூடினால் வித்தியாசம் உடனே தெரியும். நீங்கள் எப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் உங்கள் அறிகுறியைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இவை இரண்டும் சரியான பிறகும் சக்கரம் திரும்பத் தயங்கினால், அப்போது காஸ்டருக்குச் செல்லுங்கள். சக்கரத்தைத் தாங்கும் மேல் கையான விஷ்போனின் பந்து மூட்டைச் சற்றுப் பின்னே நகர்த்தினால் கோணம் கூடும், நேர்ப்படும் விசையும் கூடும். எவ்வளவு என்பதை உங்கள் கிட் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். சோதனை நாளுக்கென்றே அவர்களில் பலர் தனி அளவுகளை வைத்திருக்கிறார்கள்.

நான் தோற்ற இன்னொரு இடம் கூர்விளிம்புகள். வெளிப்புறத்தில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும். உள்ளே, தலை மோதக்கூடிய பகுதிகளில், உருண்டையின் விட்டம் 165 மில்லிமீட்டர். படிக்கும்போது இது சிறிய விஷயமாகத் தோன்றும். திறந்த சக்கரங்கள் உள்ள காரில், முன் சஸ்பென்ஷனின் ஒவ்வொரு போல்ட்டு முனையும், முன்விளக்குத் தாங்கியின் பின்புறமும், சக்கரக் காப்பைப் பிடித்திருக்கும் கம்பியின் வெட்டுமுனையும் இந்த விதிக்குள் வந்துவிடுகின்றன. நான் பழைய நைலான் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, காரின் மூக்கிலிருந்து வால்வரை மெதுவாகத் தடவிக்கொண்டே சென்றேன். நூல் மாட்டிய இடத்திலெல்லாம் ஒட்டுத்தாள் ஒட்டினேன். முடிந்தபோது நாற்பத்தொரு ஒட்டுத்தாள்கள் இருந்தன. போல்ட்டு முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடிகளும் தகட்டு விளிம்புகளுக்கு ரப்பர் பட்டையும் போதும். ஆனால் அவற்றைப் பசையிட்டு ஒட்டுங்கள். சோதனையாளர் இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் அது இல்லாததற்குச் சமம்.

மறுமொழி — எழுதியவர்: மாலைநேரக் கொட்டகை

சகோதரி, மிக்க நன்றி. குழாய் முனைகளை இணைத்துவிட்டவர்களில் நானும் ஒருவன். நீங்கள் சொன்னபடி நேற்றிரவு கீழ் மூட்டைப் பிரித்துப் பார்த்தேன். தண்டு தடையின்றிச் சுழல்கிறது. ரேக்தான் கனமாக இருக்கிறது. இந்த வார இறுதியில் அதைப் பிரிக்கப் போகிறேன். பழைய குறடு ஐயா சொன்ன எஞ்சின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போகிறது. உடற்பகுதி இன்னும் என் வீட்டிலேயே இருக்கிறது, எங்கும் அனுப்பவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள். பிரேக்குகளை எம்.எக்ஸ்-5-இல் இருந்தபடியே பயன்படுத்தியிருக்கிறேன், ஆனால் கார் அதைவிட மிகவும் இலகுவானது. இதில் சிக்கல் வருமா? என் சைலன்சர் பக்கவாட்டில் வெளியேறும் சிறிய வகை. சத்தத்துக்கு எல்லை உண்டா?

மறுமொழி — எழுதியவர்: சுழல்தண்டு

வணக்கம். இரண்டு கார்களை இந்தச் சோதனையில் தேறச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பிரேக்கில் அவர்கள் பார்ப்பது வலிமையை மட்டும் அன்று, வரிசையையும்தான். முன்சக்கரங்களுக்கு முன்னால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக் கூடாது. பின்சக்கரங்கள் முதலில் பூட்டினால் கார் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் என்பதால், இந்த விதியை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். எம்.எக்ஸ்-5-இன் பிரேக் பங்கீடு அந்தக் காரின் எடைக்கும் உயரத்துக்கும் கணக்கிட்டது. உங்கள் காரில் எடை பின்னோக்கி மாறியிருக்கலாம், முழுதும் வேறாகவும் இருக்கலாம். விண்ணப்பத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் நீங்கள் எழுதும் வடிவமைப்பு எடையைக் கொண்டே இதைக் கணக்கிடுவார்கள். ஆகவே அந்த எண்களை உத்தேசமாக நிரப்பாதீர்கள். கிட் தயாரிப்பாளர் தந்ததை எழுதுங்கள். முடிந்தால் காரை முன்னதாகவே எடை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரங்களின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்புற அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு பொருத்த நேர்ந்தால், ஓட்டுநர் பின்னர் திருகி மாற்ற முடியாதபடி அதை நிலையாகப் பூட்டிவிட வேண்டும். என் முதல் காரில் துளையிட்டு ஊசி இறக்கிப் பூட்டினேன்; அதை ஏற்றுக்கொண்டார்கள்.

சத்தத்துக்கு எல்லை 99 டெசிபல். எஞ்சின் உச்சத் திறனைத் தரும் சுழற்சி வேகத்தில் முக்கால் பங்கில் எஞ்சினைச் சீராக ஓடவிட்டு, புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து அளப்பார்கள். சிறிய பக்கவாட்டுச் சைலன்சர்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு மிக அருகிலேயே நிற்கும். உள்ளிருக்கும் ஒலி உறிஞ்சும் பஞ்சு புதிதாகவும் இறுக்கமாகவும் இருந்தால் தப்பிக்கலாம். அதே வேளையில் புகைச் சோதனையும் நடக்கும். 1999-ஆம் ஆண்டு எஞ்சின் என்பதால் புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தே ஆக வேண்டும். அது சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். டிரெய்லரில் ஏற்றிச் செல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த எஞ்சினோடு அளவீட்டுக்கு நின்று தோற்ற நல்ல கார்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் முறை வருமுன் எஞ்சினை நன்றாகச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. சற்றுக் கூடுதலாகக் காட்டுவதற்கு மட்டுமே இடமுண்டு. டயரின் அளவை மாற்றியிருந்தால் கருவியின் கணக்கும் மாறியிருக்கும். பின்புற மூடுபனி விளக்கு, தரையிலிருந்து 250 முதல் 1000 மில்லிமீட்டருக்குள்ளும், பிரேக் விளக்கிலிருந்து 100 மில்லிமீட்டருக்கு மேல் விலகியும் இருக்க வேண்டும். முன்விளக்குகள் எரியாதபோது அது எரியக் கூடாது. தாழ்வான கார்களில் முன்விளக்கின் உயரமும் சிக்கல் தரும்: கீழ்நோக்கு ஒளி தரும் விளக்கு 500 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. சஸ்பென்ஷனின் உயரத்தை இறுதியாக அமைத்த பிறகு, ஓட்டுநரின் எடையை ஏற்றிவைத்து அளந்து பாருங்கள். தோள்வார் பிணைக்கும் மேல் இடத்தையும் மறக்க வேண்டாம். இருக்கையிலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். வர்ணம் பூசி முடித்த பிறகு அதை மாற்றுவது மிகுந்த மனவேதனை தரும் வேலை.

மறுமொழி — எழுதியவர்: பழைய குறடு

எஞ்சின் எண் ஒத்துப்போனது மகிழ்ச்சி. இனி மிச்சமிருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டக எண், சட்டகத்தின் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளர் தகட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். வர்ணத்தின் அடியில் பாதி மறைந்துபோன எண்ணைச் சுரண்டிக் காட்டிய ஒருவரை நான் அறிவேன். அந்த நிலை உங்களுக்கு வேண்டாம், இப்போதே பார்த்துவிடுங்கள். காப்பீட்டையும் இதே எண்ணைக் கொண்டு முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். முன்பதிவு செய்த சோதனைக்குப் பதிவு இல்லாத காரை ஓட்டிச் செல்ல அனுமதி உண்டு. ஆனால் காப்பீடு கட்டாயம், காரும் பாதுகாப்பான நிலையில் இருக்க வேண்டும். ஒரு நாளும் சாலையைக் காணாத காரை முதல் நாளே நெடுந்தொலைவு ஓட்டுவதை நான் ஏற்கவில்லை. டிரெய்லரில் ஏற்றிச் சென்று, நிலையத்துக்கு அருகில் இறக்கிக்கொள்வதே நல்லது. சுழல்தண்டு சொன்னபடி எஞ்சினைச் சூடேற்றவும் அங்கே நேரம் கிடைக்கும்.

தேறிய பிறகு, ஒப்புதல் சான்றிதழ், வி55 வகை விண்ணப்பம், கட்டிய வாகனத்துக்கான வி627/1 படிவம், பழைய காரின் வி5சி, நிழற்படங்கள், ரசீதுகள் ஆகிய அனைத்தையும் ஒரே உறையில் அனுப்புங்கள். மூலத்தை அனுப்புமுன் ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்துவிடுங்கள். வி627/1 படிவத்தில், எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்ற பகுதியை நிரப்பும்போது ‘பழையது’ என்று மட்டும் எழுதாமல், எம்.எக்ஸ்-5-இன் பதிவு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். என் நண்பர் ஒருவரின் விண்ணப்பம் இந்த ஒரு வரியால் திரும்பி வந்து, ஒரு கோடைக்காலம் முழுவதும் கார் கொட்டகையிலேயே நின்றது. சில வேளைகளில் அவர்கள் காரை நேரில் பார்க்க வேண்டும் என்றும் கேட்பார்கள். அதுவரை எதையும் மாற்றிப் பொருத்தாதீர்கள்.

ரேக்கைப் பிரிக்கும்போது ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். இரு முனை இணைப்புக் கம்பிகளும் எத்தனை சுற்று உள்ளே திருகப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் எண்ணிக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே கழற்றத் தொடங்குங்கள்.